மிருதங்கத்துக்குப் பின்னால் ஓர் இடம்

நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் வந்து நின்றது. என்னோடு இறங்கியவர்களில் சிலர் கல்யாணத்துக்கு வந்தவர்கள், சிலர் மருத்துவமனைக்கு, பலர் வேலைக்கு. நான் பாட்டுக் கேட்க வந்திருந்தேன். பையில் நான்கு செட் உடுப்பு, ஒரு சால்வை, நாளிதழிலிருந்து கத்தரித்து மடித்து வைத்த கச்சேரி அட்டவணை. வானொலியிலும் பிறகு கைப்பேசியிலும் கேட்டே வளர்ந்தவன் நான். மார்கழியில் சென்னைச் சபாக்களில் சில நாள் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற ஆசை பல வருஷமாக மனத்தில் கிடந்தது. இந்த முறை யாரையும் கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தங்கியது மயிலாப்பூரில். அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. ரசிக ரஞ்சனி சபா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. லஸ்ஸில் ராக சுதா அரங்கம். ஆழ்வார்ப்பேட்டைப் பக்கம் நடந்தால் நாரத கான சபா, இன்னும் கொஞ்சம் போனால் மியூசிக் அகாடமி. காலில் தெம்பு இருந்தால் ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்கலாம். மறுநாள் விடிவதற்கு முன்பே வெளியே வந்தேன். மாட வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஜால்ராச் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் பஜனைக் கோஷ்டி வந்தது. பாடலாசிரியர் பாபநாசம் சிவன் இதே வீதிகளில் மார்கழி பஜனை நடத்தியவர். அவர் 1973இல் காலமானார். தலையில் மஃப்ளர் கட்டிய பெரியவர்களும் தூக்கம் கலையாத பிள்ளைகளுமாகப் பாடிக்கொண்டே போன அந்தக் கூட்டத்தின் பின்னால் நானும் ஒரு வீதி நடந்தேன். இந்த ஊரின் இசைவிழா அரங்குக்குள் தொடங்குவதில்லை என்று அப்போது தோன்றியது.

முதல் கச்சேரி நண்பகலில். பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. பெரும்பாலும் இளைஞர்கள் பாடுவார்கள், வாசிப்பார்கள். மாலை நேரம்தான் பெயர் பெற்ற வித்வான்களுக்கு. நான் நுழைந்தபோது அரங்கில் பதினான்கு பேர் இருந்தார்கள், எண்ணிப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. மேடையில் மிருதங்கக்காரர் தலையைச் சாய்த்து, வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பைச் சிறு கல்லால் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். வயலின் வாசிக்க வந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம். பாடகருக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இத்தனை வருஷம் பயிற்சி செய்து வந்து பதினான்கு பேருக்கா பாடுவது? முதல் உருப்படியான வர்ணம் முடிவதற்குள் அந்த வருத்தம் போய்விட்டது. பாடகர் எங்களைப் பார்த்துப் பாடினார். கூட்டத்தைப் பார்த்து அல்ல, ஒவ்வொருவரையும் பார்த்து. இரண்டாவது வரிசையில் இருந்த நான் தலையசைத்தால் அது அவருக்குத் தெரிந்தது. ராகத்தின் சிறு துணுக்கான ஒரு பிடி நன்றாக விழுந்தபோது யாரோ மெல்ல "ஆகா" என்றார். அடுத்த பிடி இன்னும் துணிச்சலாக வந்தது.

பிரதான ராகமாகத் தோடியை எடுத்தார். தோடியின் காந்தாரம், அதாவது 'க' என்ற ஸ்வரம், ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். எவ்வளவு அசைய வேண்டும், எந்த இடத்தில் அடங்க வேண்டும் என்பதில்தான் பாடுபவரின் வளர்ப்புத் தெரியும். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்குத் தோடி என்றாலே நாகஸ்வரம்தான் நினைவுக்கு வரும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் புகழே தோடியோடு ஒட்டியது. அவருடைய சீடரான அருணாசலம் காருகுறிச்சிக்காரர், எங்கள் மாவட்டத்தவர். அந்தத் தோடியெல்லாம் காதில் இருப்பவன் இந்த இளைஞர் பாடுவதை எப்படிக் கேட்பான் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. 'ப' என்ற பஞ்சமத்தைத் தொடாமலேயே சில நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் பஞ்சமத்தில் வந்து நின்றபோது என் தோள் தளர்ந்ததை உணர்ந்தேன். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம், ராகத்தின் பெயரையும் தாளத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். ஆலாபனை முடிந்து கிருதி, அதாவது பாட்டு, தொடங்கியதும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். நானும் போட்டேன், இரண்டு தாளச் சுற்றுக்குள் தவறிவிட்டது. அவர் என் பக்கம் கையைத் திருப்பி எனக்குத் தெரியும்படி போட்டார். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை. பள்ளிப் பிள்ளை மாதிரி அந்தக் கையைப் பார்த்தே போட்டேன்.

ஸ்வரம் பாடி முடித்துப் பாடகர் மிருதங்கத்தைப் பார்த்துக் கை காட்டினார். தனி ஆவர்த்தனம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. உடனே நான்கைந்து பேர் எழுந்தார்கள். நானும் பையை எடுத்தேன், பசி. அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"தனிக்கு எழுந்துவிடாதீர்கள் தம்பி. அந்தப் பிள்ளை இவ்வளவு நேரமும் இன்னொருவர் பாட்டுக்கு வாசித்தான். இனிமேல்தான் அவனுடைய பாட்டு."

உட்கார்ந்தேன். அந்த வார்த்தைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஊரில் பதிவுகளைக் கேட்கும்போது தனி வந்தால் நகர்த்திவிடுவேன், அது எனக்குக் கணக்குப் பாடமாகவே இருந்தது. அன்றுதான் முழுக்கக் கேட்டேன். மிருதங்கம் ஒன்று சொல்ல, கடம் அதைத் தன் மண் குரலில் திருப்பிச் சொன்னது. முதலில் நீளமான வாக்கியங்கள். பிறகு பாதி, அதிலும் பாதி. குறைப்பு என்று அதற்குப் பெயர் என அந்த அம்மா காதருகில் சொன்னார். சொல் சுருங்கச் சுருங்க இருவரும் நெருங்கி வந்து கடைசியில் சேர்ந்தே வாசித்தார்கள். முடிவை அறிவிக்கும் மோரா, அதன்பின் முத்தாய்ப்பான கோர்வை. கோர்வை மூன்று முறை வரும் என்றார். மூன்றாவது முறை முடிந்த இடத்தில் பாடகர் பல்லவியை எடுத்தார். அது எங்கே வந்து விழும் என்பதைத் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை முன்பே சொல்லிவிட்டது. கணக்குத்தான் அது. ஆனால் விடை வருகிற தருணத்தில் கண் கலங்கும் கணக்கு.

அதன்பிறகு நான்கு நாளும் பகல் கச்சேரிகளை நான் விடவில்லை. மாலைக் கச்சேரிகளுக்கும் போனேன், எல்லாம் நல்லவையே. ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய அரங்கில், நான் பல வருஷமாக மதிக்கும் ஒரு குரலைக் கேட்க ஆவலோடு போனேன். ஒலிபெருக்கியை அப்படிக் கூட்டி வைத்திருந்தார்கள். மிருதங்கத்தின் ஒவ்வோர் அடியும் நெஞ்சில் இடித்தது. தம்புரா வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. வயலினின் மெல்லிய இழைகள் எல்லாம் கம்பியாகிவிட்டன. ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய காலத்தில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும் என்று உயர்ந்த சுருதியில் உரக்கப் பாடினார்கள். இந்தக் கருவி வந்த பிறகுதான் தாழ்ந்த ஸ்தாயியில், ரகசியம் சொல்வதுபோல் பாட முடிந்தது. அவ்வளவு பெரிய கொடையைக் கொண்டு அந்த ரகசியத்தையே கொன்றுவிடலாமா? எனக்கு அன்றிரவு கோபம் அடங்கவில்லை. அறைக்கு நடந்தே திரும்பினேன்.

மூன்றாம் நாள் பஸ் பிடித்துப் பாரிமுனைக்குப் போனேன். ராஜா அண்ணாமலை மன்றம். மயிலாப்பூர் வட்டத்துக்குள்ளேயே சுற்றுபவர்கள் இங்கே வருவது குறைவு என்று நினைக்கிறேன், அது அவர்களுக்குத்தான் இழப்பு. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுகள் கடைசியில் வரும் துக்கடாவாக ஒதுங்கிக் கிடந்த காலத்தில், அவற்றுக்கு நடு இடம் வேண்டும் என்று எழுந்தது தமிழிசை இயக்கம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையில் தொடங்கியது. அதன் அரங்கம்தான் இந்த மன்றம். மியூசிக் அகாடமியின் கதை இதற்கு முந்தையது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது, அதன் பயனாக மறு ஆண்டு அகாடமி பிறந்தது. இந்த நகரம் டிசம்பரில் பாடத் தொடங்கியதற்கு அந்த மாநாடு ஒரு பெரிய காரணம்.

மன்றத்தில் அன்று ஒரு பதிகத்தை எடுத்துப் பாடினார்கள். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் இருந்தது. சட்டைப் பையில் இன்னும் அலுவலக அடையாள அட்டையோடு அப்பா, அம்மா, எட்டு வயதுப் பெண். அந்தச் சிறுமி உதட்டை அசைத்துக் கூடவே பாடிக்கொண்டிருந்தாள், ஒரு சொல் தவறவில்லை. நிரவலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு விதமாகப் பாடியபோது அவள் அப்பாவிடம், "ஏன் அதையே பாடுகிறார்?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, "இன்னும் முடியவில்லை அம்மா, அதில் இன்னும் இருக்கிறது" என்றார். நிரவலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

கடைசி நாள் மாலை. மிகவும் எதிர்பார்த்த கச்சேரி. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று ஜன்னலை அடைந்தபோது அரங்கு நிறைந்துவிட்டது என்றார்கள். என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, "மேடையில் உட்காருவீர்களா? கீழே ஜமக்காளம்தான்" என்று கேட்டார் ஜன்னலில் இருந்தவர். கூட்டம் மிகும்போது சில சபாக்களில் மேடையின் ஓரத்திலும் ரசிகர்களை உட்கார வைக்கும் வழக்கம் உண்டு. கேட்க வேண்டுமா? செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். மிருதங்க வித்வானுக்குப் பின்னால், நான்கடி தள்ளி எனக்கு இடம் கிடைத்தது.

அங்கே கேட்டது வேறு கச்சேரி. ஒலிபெருக்கிகள் சபையைப் பார்த்திருந்தன, எனக்கு வந்தது வாத்தியத்தின் சொந்தச் சத்தம். மிருதங்கத்தின் வலந்தலை சபைப் பக்கம் இருக்கும், இடப்பக்கமான தொப்பி உள்பக்கம். ஈர ரவை அப்பிய அந்தத் தொப்பியில் உள்ளங்கை அழுந்தி வழுக்கும்போது எழும் குமுறலை நான் அதற்கு முன் சரியாகக் கேட்டதே இல்லை. தம்புராவின் நாதம் தரை வழியாக வருவதுபோல் இருந்தது. பாடகி மூச்சு வாங்குவது கேட்டது. கூர்மையான ஒரு மேல் ஸ்தாயிப் பிடிக்கு முன் அவர் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்தேன்.

எதிரே வயலின் வித்வானின் முகம் நேராகத் தெரிந்தது. பாடகி காம்போதி ராகத்தை ஆலாபனையாக விரிக்கும்போது அவர் சில சொற்களை மட்டும் நிழல்போல் தொட்டுக்கொண்டு போனார், மற்ற நேரமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலான கச்சேரிகளுக்கு இவர்கள் ஒத்திகை பார்ப்பதில்லை. என்ன ராகம் வரும் என்பதையே மேடையில்தான் அறிகிறார்கள். அப்படியிருக்க, அவருடைய முறை வந்தபோது பாடகி விட்டுப்போன கடைசிப் பிடியிலிருந்து தொடங்கி, அவர் போகாத ஒரு சந்துக்குள் திரும்பினார். பாடகி சட்டென்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "பலே" என்றார், மைக்கை விட்டு விலகி. அது சபைக்குக் கேட்டிருக்காது. எங்கள் ஜமக்காளத்தில் இருந்த ஏழெட்டுப் பேருக்கு மட்டும் கேட்டது.

பிறகு தனி.

சபையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர், முன்னால் இருவர் எழுந்து போவதுதான் தெரியும். மேடையிலிருந்து பார்த்தால் அப்படியில்லை. வரிசை வரிசையாக எழுந்தார்கள். இருக்கைகள் படபடவென்று மடியும் சத்தம். நடைபாதையில் நெரிசல், கதவு திறந்து திறந்து மூடி வெளிச்சம் வந்து வந்து போயிற்று. மிருதங்க வித்வான் முதல் சொற்களை மிக மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையை நிமிர்த்திச் சபையைப் பார்க்கவில்லை. அவருடைய முதுகை நான்கடி தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தாங்கவில்லை. முதல் நாள் நானும் பையைக் கையில் எடுத்தவன்தானே.

கதவுகள் அடங்கின. மீதமிருந்தவர்கள் கைகள் அசைந்தன. அப்போதுதான் கவனித்தேன், இடப்பக்கம் மூன்றாவது வரிசையில் அந்த அம்மா. இரு பக்கமும் இருக்கைகள் காலி. மடியில் நோட்டுப் புத்தகம் மூடி இருந்தது. கையை உயர்த்தி, மேடைக்குத் தெரியும்படி, விரல் விட்டுத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வித்வான் ஒரு கணம் நிமிர்ந்தார். அந்தக் கையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் சபையின் அந்தப் பக்கத்தைப் பார்த்தே வாசித்தார்.

நானும் தொடையில் தட்டினேன். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். கோர்வை ஒரு முறை வந்தது. இரண்டாவது முறை வந்தது. மூன்றாவது முறை முடிந்த இடத்தில் அவருடைய கையும் அந்த அம்மாவின் கையும் என் கையும் ஒன்றாக விழுந்தன. பாடகி பல்லவியை எடுத்தார்.