காங்கேயம் கொறங்காட்டில் ராம்ஸ்டனைத் தேடி

முதலில் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காங்கேயத்தில் 300 ரூபாய்க்குப் பேசி ஏற்றியவர், கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்துப் பக்கம் வண்டியைத் திருப்பியதும் "தடமே இல்லீங்களே, 600 போட்டுக் குடுத்துருங்" என்றார். சுற்றிலும் கிளுவை வேலி, மொட்டை வெயில். இறங்கி எங்கே போவது? கொடுத்துத் தொலைத்தேன். சிங்காநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்த காசு இதில் கால்வாசிகூட இல்லை.

தேடிப்போனது பச்சாபாளையத்தை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் தென்னிந்தியாவை அளந்தபோது, 1806-ல் அன்றைய கோயமுத்தூர் ஜில்லாவில் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாகத் தரையில் நேராக அளக்கும் கோடு, போட்ட இடம். அந்தப் பெயரில் கொங்கில் ஊர்கள் பல. அவர் குறித்த அட்சரேகை 11 பாகைக்குச் சற்றே கீழே வருவதால் இந்தப் பக்கம் வந்தேன்.

இங்கே ராத்திரியில் அவர் நட்சத்திரம் பார்த்த கருவியை நினைத்தாலே எனக்குப் பரவசம். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் பட்டறையில் செய்த உச்சிவான்மானி. அதன் ஆரம் 5 அடி. நேர் உச்சியில் கடக்கும் விண்மீனைப் பார்த்தால் காற்று ஒளியை வளைக்கும் பிழை அநேகமாக இல்லை. தூக்குநூலை வைத்துக் கோணம் எடுத்தால் ஊரின் அட்சரேகை கையில். ராம்ஸ்டனின் பெயர் நின்றதே அளவுகோடு கீறும் இயந்திரத்தால்தான். அதற்கு முன் வட்டத்தில் பாகைகளைக் கையாலேயே கீறினார்கள். இதில் கூத்து என்னவென்றால், இந்தக் கருவி 1793-ல் சீனப் பேரரசரிடம் போன பிரிட்டனின் மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு பயணப்பட்டது. அங்கே வேண்டாமென்றதால் கல்கத்தா வந்து, லாம்டன் கைக்குச் சேர்ந்தது.

ஜிபிஎஸ்ஸும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து ஆடு மேய்த்த பெரியவர் வந்துவிட்டார். "ஏனுங் தம்பி, டவர் லைனுக்கு அளக்க வந்தீங்ளா?"

"இல்லீங்கய்யா, 200 வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரர் அளந்த எடம் பாக்க வந்தேன்."

"அவிங்களாச்சும் நஷ்டஈடு குடுத்தாங்ளா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. நான் தேடியவரை ஒரு கல் இல்லை, பலகை இல்லை. மோட்டாரும் கிரைண்டரும் செய்து பேர் வாங்கிய சீமைக்கு இது அழகா?

மதியம் மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். 90 ரூபாய். ஆட்டோ வயிற்றெரிச்சல் பாதி அடங்கியது.

லாம்டனின் பெரிய தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, லண்டன் வில்லியம் கேரி செய்தது; அரை டன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோய், பிறகு மரியாதையாக மதராசுக்கு அனுப்பிவைத்தார்கள். இப்போது டேராடூன் சர்வே ஆஃப் இந்தியாவில் இருக்கிறது. ஸ்லீப்பர் டிக்கெட் விலை பார்த்துவிட்டேன். தீபாவளி போனஸ் வரட்டும்.