கூண்டும் கடிகாரமும்

அணுகுண்டு மாதிரி ஆபத்தால உலகம் அழிவுக்கு எவ்வளவு கிட்ட இருக்குன்னு, நடுராத்திரிக்கு மிச்சமிருக்குற நேரமா காட்டுற அழிவுநாள் கடிகாரத்த 2025 ஜனவரில 89 செகண்டுக்கு நகத்துனாங்கல்ல, அந்த வீடியோவ நேத்து பாம்பன் கரையில கிழிஞ்ச வலைய சரி பண்ணிக்கிட்டு இருந்தப்ப மச்சான் காட்டுனான். "சும்மா பயங்காட்டுறாய்ங்கடா"ன்னு எல்லாரும் சிரிச்சாய்ங்க.

அவங்கள குத்தம் சொல்ல முடியல. 1947ல 7 நிமிசம்னு ஆரம்பிச்சது, 1991ல பனிப்போர் முடிஞ்சப்ப 17 நிமிசமாச்சு, இப்ப செகண்டுல எண்ணுறாங்க. மீட்டர் வச்சு அளக்குறது இல்ல, அறிஞர்கள் உக்காந்து பேசி வைக்கிற அடையாளம்.

எங்களுக்கு துறைமுகத்துல ஏத்துற புயல் எச்சரிக்கைக் கூண்டு தெரியும். 3ஆம் நம்பர் ஏத்திட்டா கடலுக்குப் போக டோக்கன் கிடையாது, நங்கூரத்த இன்னொண்ணு சேத்துப் போட்டு கயித்த இறுக்கிக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துருவோம், சில நேரம் காத்தே அடிக்காம கூலி மட்டும் போகும், கோவம் வரும், ஆனாலும் கூண்ட எறக்குற வரைக்கும் போக மாட்டோம். என்ன செய்யணும்னு கூண்டு சொல்லுது. கடிகாரம் சொல்லல, அதான் என் மனக்குறை.

ஆனா என்னால சிரிக்க முடியல. அணுகுண்டு நெசமாவே இருக்கு. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடில பாசஞ்சர் ரயிலையே கடல் எடுத்துட்டுப் போச்சு. எங்க அம்மாச்சி அந்த ராத்திரிய பத்திப் பேசும்போது இன்னிக்கும் முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டே இருக்கும்.