கட்டுரை அனுப்ப முன்னர் பார்த்தவை

கொட்டியாரக் குடாவில் கரையில் நின்று வலை இழுக்கும் கரைவலைத் தொழிலாளர்களிடம் எடுத்த நேர்காணல்களை வைத்து ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினோம். திருகோணமலைப் பக்கம் களவேலை செய்பவர்களுக்கு உதவட்டும் என்று, அதில் கவனித்தவற்றை எழுதுகிறோம்.

ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முதல் நேர்காணலுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். ஆய்விதழ் அனுமதி இலக்கத்தோடு திகதியையும் கேட்கும். களவேலை அதற்கு முந்தியது என்றால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். சம்மதப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் வைத்து, வாசித்துக் காட்டினோம். பேசுவது, ஒலிப்பதிவு செய்வது, சொன்னதை அப்படியே அச்சில் போடுவது, படம் எடுப்பது என்று நான்குக்கும் தனித்தனிக் கட்டம். பேசச் சம்மதித்த பலர் படத்துக்குச் சம்மதிப்பதில்லை. எந்தத் திகதிவரை விலகலாம் என்பதும் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

ஆகச் சிக்கலானது அடையாளத்தை மறைப்பது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான்கு சம்மாட்டிமார் (வலைச் சொந்தக்காரர்கள்) மட்டுமே இருக்கிற கரையில் "சம்மாட்டி, 61 வயது, இரண்டு வலை" என்று போட்டால், ஊரில் யாரும் ஒரு நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஊர்ப் பெயருக்குப் பதில் குடாவின் பெயரையும், வயதுக்குப் பதில் "60க்கு மேல்" என்றும் போட்டோம். வலை எண்ணிக்கையை எடுத்தே விட்டோம். பெயரையும் அதற்குப் பதில் வைத்த குறியீட்டையும் இணைக்கும் பட்டியல் வேறு கணினியில், கடவுச்சொல்லோடு இருக்கிறது. கைப்பேசிப் படங்களுக்குள் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். அதை அழிக்காமல் அனுப்பினால் மற்ற மறைப்பெல்லாம் வீண்.

மொழிபெயர்ப்பிலும் நேர்மை இருக்கிறது. "இண்டைக்கு மீன்பாடு இல்ல" என்பது அன்றைய வலையைப் பற்றிய பேச்சு. அதை ஆங்கிலத்தில் "மீன்வளம் குறைந்துவிட்டது" என்கிற பொருளில் எழுதினால், சொல்லாத முடிவை அவர் வாயில் திணித்ததாகிவிடும். மேற்கோள் ஒவ்வொன்றையும் நேர்காணலில் இல்லாத இன்னொருவர் தமிழுக்குத் திருப்பினார். இரண்டும் ஒத்துவராதவற்றை ஒலிப்பதிவோடு வைத்துத் திருத்தினோம்.

யார் பெயர், எந்த வரிசையில் என்பதைத் தரவு சேர்க்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியது அல்லது ஊன்றித் திருத்தியது, இறுதிப் பிரதிக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது தவறு. களத்தில் நின்று, எழுத்திலும் பங்கெடுத்த மாணவியின் பெயரை விடுவது அதைவிடப் பெரிய தவறு. மற்றவர்களை நன்றிப் பகுதியில் போடலாம், அதற்கும் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு ஒப்பிடும் ஒப்புமைச் சோதனையில் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், எந்தப் பத்தி எதனோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். பழைய கட்டுரையிலிருந்து எடுத்த எங்கள் சொந்த வரிகளும் அதில் பிடிபட்டன. செயற்கை நுண்ணறிவுக் கருவியின் பெயரைக் கட்டுரையாசிரியராகப் போட முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கென்று சொல்லிவிட வேண்டும்.

கட்டுரையின் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, அனுப்புவதற்கு முந்திய வாரம் வாடியில் (மீனவர்கள் தங்கும் கரையோரக் கொட்டிலில்) வைத்து வாசித்துக் காட்டினோம். வலை இழுக்கும் கூலிப் பங்கு பற்றி எழுதியிருந்த ஒரு வரியை அங்கே இருந்தவர்கள் பிழை என்றார்கள். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தோம், பிழைதான். திருத்திய பிறகே கட்டுரை போனது.