ஒழுங்கைக் கான் பைலைக் கேட்டு வாங்கியது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எங்கள் உள்ளூராட்சிச் சபைக்குக் கொடுத்த முதல் விண்ணப்பம் வீண். மூன்று வாரம் காத்திருந்து கிடைத்தது ஒரே ஒரு வரி: "கோரிய தகவல் இச்சபையின் வசம் இல்லை."

கேட்டது இதுதான்: "எமது ஒழுங்கையின் வடிகானுக்கு இட்ட கொங்கிரீட் மூடிகள் ஒரு வருடத்துக்குள் ஏன் உடைந்தன? இதற்கு யார் பொறுப்பு?" பதிலைப் பார்த்தவுடன் கோபம் தலைக்கேறினாலும், சட்டப்படி அந்தப் பதிலில் பிழை இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், சபையின் கையில் இருக்கும் தகவலைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும்தான் உரிமை தருகிறது. "ஏன்" என்ற கேள்விக்கு எந்தப் பைலிலும் தாள் கிடையாது. புதிதாக விளக்கம் எழுதித் தரச்சொன்னால் ஒரு வரியில் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இரண்டாவது விண்ணப்பத்தில் கேள்விக்குறியே இல்லை. பத்திரங்களின் பெயர்கள் மட்டும். அதில் எழுதியதை அப்படியே தருகிறேன், தேவைப்பட்டவர்கள் மாற்றி எழுதிக்கொள்ளலாம்: "இன்ன வீதியில் இன்ன ஒழுங்கையில், ஆதன வரி இலக்கம் இது முதல் இது வரை, 2024ஆம் ஆண்டில் வடிகானுக்குக் கொங்கிரீட் மூடி இட்ட வேலை தொடர்பாக: பொறியியல் பகுதியின் மதிப்பீடு, பீ.ஓ.கியூ.; வேலையை ஒப்படைத்த கடிதமும் ஒப்பந்தமும்; அளவீட்டுத் தாள்கள்; கொடுப்பனவு வவுச்சர்கள்; வேலை முடிவுச் சான்றிதழ்; தடுத்துவைத்த பணம் விடுவிக்கப்பட்டிருப்பின் அதற்கான அனுமதி. இவற்றின் சான்றுப்படுத்திய பிரதிகள்." பீ.ஓ.கியூ. என்பது வேலையின் அளவுகளும் விலைகளும் உள்ள பட்டியல். தடுத்துவைத்த பணம் என்பது, குறை வந்தால் திருத்தவைப்பதற்காக ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் சபை பிடித்து வைக்கும் தொகை. வருடத்தையும் வரி இலக்கத்தையும் போட்டபிறகு "எந்த வேலை என்று விளங்கவில்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. "சான்றுப்படுத்திய" என்ற சொல்லையும் விடாதீர்கள். வெறும் போட்டோக்கொப்பியோடு முறைப்பாடு செய்யப்போனால், "இது எங்கே எடுத்தது?" என்று முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.

"சபைக் கூட்ட அறிக்கையின் பிரதி" என்ற வரியையும் சேர்த்திருந்தேன். அது வெறும் கையோடு திரும்பியது, பிழை என்னுடையது. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் உறுப்பினர்களும் இல்லை, கூட்டமும் இல்லை. மாநகர சபைகளை ஆணையாளரும் நகர, பிரதேச சபைகளைச் செயலாளரும் நடத்தினார்கள். அந்தக் காலத்து வேலைக்கு "ஆணையாளரின் அனுமதிக் குறிப்பு" அல்லது "செயலாளரின் அனுமதிக் குறிப்பு" என்றுதான் கேட்க வேண்டும்.

விண்ணப்பம் எழுத முன்னர் தீர்த்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று: அந்த இடம் யாருடையது? கொழும்பில் பாதிப் பேரின் அலைச்சல் இங்கேதான் தொடங்குகிறது. ஒழுங்கை மாநகர சபையுடையது. அது போய் ஏறும் காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. தண்ணீர்க் குழாய்க்காக வீதியை வெட்டியிருந்தால் நீர் வழங்கல் சபை. ஆனால் கொழும்பு நகருக்குள் மலக்கழிவுக் குழாய் மாநகர சபையிடம்தான் இருக்கிறது, இதைத் தெரியாமல் நீர் வழங்கல் சபைக்கு எழுதிக் காத்திருப்பவர்கள் அநேகம். வெள்ளவத்தையிலிருந்து தெற்கே தெகிவளைக் கால்வாயைத் தாண்டினால் கொழும்பு மாநகர சபை முடிந்து தெகிவளை-கல்கிசை மாநகர சபை தொடங்கிவிடும். சந்தேகம் வந்தால் உங்கள் வரித்துண்டின் தலைப்பைப் பாருங்கள். யாருக்கு ஆதன வரி கட்டுகிறீர்களோ, அந்தச் சபைதான் உங்கள் ஒழுங்கைக்கும் பொறுப்பு.

வீதிக்கோட்டுச் சான்றிதழ், வரிப் பதிவேட்டுப் பிரதி, உங்கள் சொந்த வீட்டின் அனுமதித்த பிளான் பிரதி போன்றவற்றுக்கு இந்த வழியில் போக வேண்டாம். அவற்றுக்குச் சபையில் தனிக் கருமபீடமும் தனிக் கட்டணமும் உண்டு, அதுதான் சுருக்கமான பாதை. அங்கே "இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பினால் அப்போது இந்தச் சட்டத்தைக் கையில் எடுங்கள். பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம், உறுதிக்குக் காணிப் பதிவகம். இவை எதுவும் சபையில் இல்லை.

இனி விண்ணப்பத்தைக் கொடுப்பது. கொடுத்த முதல் நாளே ஒரு பிழை நடந்தது. நுழைவாயிலில் இருந்த தபால் பகுதி "இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்" என்று வாங்கிக்கொண்டது. தாள் பொறியியல் பகுதிக்குப் போய் அங்கே கிடந்திருக்கிறது. ஒன்பது நாள் கழித்து விசாரித்தால் இந்த விண்ணப்பங்களுக்குப் பொறுப்பான தகவல் அலுவலரின் பதிவில் அப்படியொரு விண்ணப்பமே இல்லை. ஆகவே அலுவலகத்துக்குள் போனவுடன் அறிவித்தல் பலகையைத் தேடுங்கள். தகவல் அலுவலர், முதல் மேன்முறையீட்டைப் பார்க்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலர், தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு ஆகியோரின் தொடர்பு விபரமும் கட்டண விபரமும் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நான் போன இடத்தில் பலகை இருந்தது, ஒரு அலுமாரிக்குப் பின்னால். தாளில் "தகவல் அலுவலர்" என்று முகவரியிட்டு, மேல் மூலையில் "தகவல் அறியும் உரிமை விண்ணப்பம்" என்று தடித்த எழுத்தில் எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகர வேண்டாம். பின்னால் மேன்முறையீடு என்று வந்தால் நாள் எண்ணத் தொடங்குவது அந்த முத்திரையிலிருந்துதான். நேரில் போக முடியாதவர்கள் பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியோடு குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கருமபீடத்தில் மூன்று கேள்வி வரும். "படிவம் எங்கே?" ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது, கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் எழுதிய கடிதம் போதும், எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் போடுவது அலுவலரின் வேலை. "எதுக்கு இது உங்களுக்கு?" காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைச் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். காரணத்தைச் சொல்லத் தொடங்கினால் பேச்சு ஒப்பந்தகாரர் நல்லவரா கெட்டவரா என்பதில் போய் நிற்கும். "அடையாள அட்டைப் பிரதி?" இலங்கைப் பிரஜை என்ற ஒரு வரி தாளில் இருந்தால் போதும். ஆனாலும் கேட்டால் கொடுத்துவிடுங்கள், இந்த ஒன்றுக்காக வாதாடி ஒரு நாளைக் கெடுப்பதில் இலாபம் எதுவும் இல்லை.

நாள் கணக்கு பலரைக் குழப்புகிறது. தருவதா மறுப்பதா என்ற முடிவுக்குப் 14 வேலைநாள். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்தால் சாதாரண மாதத்திலேயே மூன்று வாரம் ஆகும். ஏப்ரல் தொடக்கத்தில் கொடுத்தால் சித்திரைப் புத்தாண்டும் சேர்ந்து மாதக் கடைசிக்குப் போய்விடும். தருவதாக முடிவானால் கட்டணம் கட்டச்சொல்லிக் கடிதம் வரும். கட்டிய பிறகு பிரதியைக் கையில் தர இன்னொரு 14 நாள், பத்திரங்கள் அதிகமென்றால் காரணம் எழுதி மேலும் 21 நாள் வரை நீட்டலாம். உயிர் அல்லது தனிமனித சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு மட்டும் 48 மணித்தியாலம். உடைந்த கான் மூடி அதற்குள் அடங்காது, வீணாக அந்த வரியை எழுத வேண்டாம்.

கட்டணம் ஒரு பிரச்சினையே இல்லை. 2017 வர்த்தமானி விதிப்படி ஏ4 போட்டோக்கொப்பி ஒரு பக்கம் 2 ரூபாய், முதல் நான்கு பக்கம் இலவசம். 26 பக்கத்துக்கு 44 ரூபாய், சிறாப்பர் (காசாளர்) கருமபீடத்தில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கியாயிற்று. அதைக் கட்டப்போய்வந்த த்ரீவீல் கூலியை எண்ணினால் சிரிப்புத்தான். மின்னஞ்சலில் தந்தால் கட்டணமே இல்லை, அதையும் விண்ணப்பத்தில் கேட்டு வையுங்கள். பிரதிக்குப் பதிலாகப் பைலையே பார்க்கக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. முதல் ஒரு மணித்தியாலத்துக்குக் காசு இல்லை. பைல் தடிப்பாக இருந்தால் இதுவே புத்தி: உட்கார்ந்து புரட்டி, வேண்டிய பக்கத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கு மட்டும் பிரதி கேட்கலாம்.

பணம் கட்டியபிறகுதான் உண்மையான தலையிடி. "பைல் எக்க நே" என்றார் இலிகிதர். பைல் இல்லையாம். இன்னொரு பகுதிக்குப் போனது, திரும்பவில்லையாம். இந்த இடத்தில் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் எல்லாம் முடிந்தது. "பரவாயில்லை, அதை எழுத்தில் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். சட்டம் வந்தபிறகு உருவான பதிவுகளைக் குறைந்தது 12 வருடம் பாதுகாக்க வேண்டும். சட்டம் வரும்போதே இருந்த பழைய பதிவுகளுக்கும் 10 வருடம். 2024 வேலையின் பைல் இல்லை என்று முத்திரை குத்தி எழுத எந்த அலுவலருக்கும் கை வராது. எனக்கும் எழுதித் தரவில்லை. அடுத்த கிழமை பைல் "கிடைத்துவிட்டது".

அது கிடைக்காமல் போயிருந்தாலும் வழி இருந்தது. எந்தக் கொடுப்பனவும் கணக்குப் பகுதியைத் தாண்டாமல் போகாது. பொறியியல் பகுதியின் பைல் தொலைந்தாலும் வவுச்சர் அங்கே இருக்கும், தேசிய கணக்காய்வு அலுவலகம் உள்ளூராட்சி மன்றங்களையும் கணக்காய்வு செய்வதால் அதை அவ்வளவு எளிதில் தொலைக்கமாட்டார்கள். வவுச்சரோடு பொதுவாக அளவீட்டுத் தாளின் பிரதியும் சேர்ந்திருக்கும்.

பிறகு வந்த தடை, ஒப்பந்தகாரரின் விலைகள் "வர்த்தக இரகசியம்" என்ற மறுப்பு. சட்டத்தின் 5ஆம் பிரிவில் அப்படியொரு விலக்கு உண்டுதான். ஆனால் வெளியிட்டால் ஒருவரின் போட்டி நிலைக்குப் பாதிப்பு வருமா என்பதுதான் அங்கே கேள்வி, அப்படி வந்தாலும் பொதுநலன் அதைவிடப் பெரிதாக இருந்தால் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து, பொதுப்பணத்தில் காசும் கொடுத்தாயிற்று, இதில் என்ன இரகசியம்? ஒப்பந்தகாரரின் வங்கிக் கணக்கு இலக்கத்தை மறைத்துவிட்டுத் தருவது நியாயம். ஒரு பகுதி விலக்கானால் மிகுதியைத் தரவேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. இதை நாலு வரியில் எழுதி மேன்முறையீடு போட்டேன்.

மேன்முறையீடு முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, மறுப்புக் கிடைத்து 14 நாளுக்குள். அவருக்கு மூன்று வாரம். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, அதற்கு மேலே மேன்முறையீட்டு நீதிமன்றம். மறுப்பு மட்டுமல்ல, பதிலே வராமல் நாள் கடந்தது, அரைகுறைத் தகவல், கூடுதல் கட்டணம், பதிவை அழித்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம், இவையும் மேன்முறையீட்டுக்குக் காரணம். பலர் பதில் வராமல் போனால் திரும்ப ஒரு புது விண்ணப்பம் போடுகிறார்கள். செய்யாதீர்கள், நாள் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும். என்னுடையது ஆணைக்குழு வரை போகத் தேவைப்படவில்லை, மேலதிகாரி மூன்றாவது வாரத்தில் "கொடுங்கள்" என்று குறிப்பெழுதிவிட்டார்.

மொழி விஷயத்தில்தான் இன்னும் மனம் ஆறவில்லை. தமிழில் போன விண்ணப்பத்துக்கு மறுப்புக் கடிதம் சிங்களத்தில் வந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து அர்த்தம் விளங்குவதற்குள் 14 நாளில் நாலு நாள் போய்விட்டது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறலாம். பார்க்க உரிமையுள்ள ஆவணத்தின் பிரதியையோ மொழிபெயர்ப்பையோ தமிழில் கேட்கலாம். விண்ணப்பத்தின் கடைசி வரியாக இதை முதலே எழுதிவிடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: 26 பக்கத்துக்கும் மொழிபெயர்ப்புக் கேட்டால் அதுவே தாமதத்துக்குச் சாட்டாகிவிடும். கடிதங்கள் தமிழில், பீ.ஓ.கியூ.வும் அளவீட்டுத் தாளும் இருக்கிற மொழியிலேயே என்று பிரித்துக் கேளுங்கள். இலக்கங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பைலில் இருந்தது: மூடியின் தடிப்பு 100 மில்லிமீற்றர் என்று பீ.ஓ.கியூ.விலும், அதே 100 என்று அளவீட்டுத் தாளிலும். உடைந்த விளிம்பில் டேப்பை வைத்தால் 75. தடுத்துவைத்த பணம் விடுவித்த அனுமதியைத் தேடினேன், பைலில் இல்லை. இன்னும் கொடுக்கவில்லை என்று அர்த்தம், குறைதிருத்தக் காலமும், அதாவது வேலையில் வரும் குறையை ஒப்பந்தகாரரே திருத்த வேண்டிய காலமும், ஒப்பந்தத்தின்படி முடிந்திருக்கவில்லை. 100 என்று எழுதிய அந்த இரண்டு பக்கத்தின் சான்றுப்படுத்திய பிரதியையும் உடைந்த விளிம்பின் படத்தையும் இணைத்துச் சபைக்கு ஒரு கடிதம், கணக்காய்வுப் பகுதிக்கு அதன் பிரதி. ஒப்பந்தகாரரின் ஆட்கள் வந்து ஏழு மூடியை மாற்றினார்கள். மற்றவற்றையும் அளந்து எழுதி வைத்திருக்கிறேன், குறைதிருத்தக் காலம் முடிய இன்னும் ஆறு கிழமை இருக்கிறது.