முழுக்கைச் சட்டையும் எழுதப்படாத விதியும்

சீனாவில் ஆசிரியர் வேலைக்குச் செல்லும் வெளிநாட்டவர் என்னென்ன ஆவணங்கள் கொண்டுவர வேண்டும் என்பதை அரசு ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதி வைத்திருக்கிறது: பட்டச் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்னும் சான்று, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. ஆனால், கையில் பச்சை குத்தியிருப்பவர் வகுப்புக்குள் நுழையலாமா என்னும் கேள்விக்கு எந்தத் தாளிலும் விடை கிடைக்காது. ஜியாங்சு மாகாணத்தில் ஒரு தனியார் பள்ளியின் பன்னாட்டுப் பிரிவில் சில ஆண்டுகள் ஏ-லெவல் (பிரிட்டனின் பள்ளி இறுதித் தேர்வு) இயற்பியல் கற்பித்தபோது, இந்த எழுதப்படாத விதி எப்படி இயங்குகிறது என்பதை அருகிலிருந்து கண்டேன்.

உடையைப் பொறுத்தவரை அங்கே நான் எதிர்பார்த்த அளவுக்குக் கெடுபிடி இல்லை. பள்ளி ஆசிரியர்களுக்கான தொழில் ஒழுக்க நெறிகளை சீனக் கல்வி அமைச்சகம் 2008-இல் திருத்தி வெளியிட்டது. அதில் உடை பற்றி இருப்பது, பொருத்தமாக உடுத்த வேண்டும் என்ற அளவில் முடிந்துவிடும் ஒரு சிறு தொடர்தான். கழுத்துப்பட்டையை யாரும் வற்புறுத்துவதில்லை. சீன ஆசிரியர்களில் பலர் ஓட்டக் காலணியுடன்தான் வருவார்கள். அரசின் மைய வெப்பமூட்டும் வசதி எங்கள் பகுதி உட்பட ஹுவாய் ஆற்றுக்குத் தெற்கே பொதுவாகக் கிடையாது என்பதால், ஜனவரியில் கனத்த குளிர்கோட்டைக் கழற்றாமலே பாடம் நடத்துவதும் இயல்பு. திங்கட்கிழமை காலைக் கொடியேற்றத்துக்கும், பெற்றோர் வந்து பின்வரிசையில் அமரும் திறந்த வகுப்புகளுக்கும் மட்டும் எல்லோரும் மிடுக்காக உடுத்துவார்கள்.

பச்சை குத்துதல் அப்படியன்று. அதன்மேல் உள்ள வெறுப்புக்கு வயது மிக அதிகம். பண்டைய சீனாவின் ஐந்து தண்டனைகளில் ஒன்று, குற்றவாளியின் முகத்தில் மை குத்துவது. ஹான் பேரரசர் வென் கி.மு. 167-இல் அதை ஒழித்தார். ஆயினும் பிற்கால அரசுகளில் அது மீண்டும் வந்தது, சோங் அரச மரபின் காலத்தில் நாடு கடத்தப்பட்டவர்களின் முகத்தில் குறி பதித்தார்கள். உடலும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைச் சிதைக்காமல் காப்பதே பெற்றோருக்குச் செய்யும் கடமையின் தொடக்கம் என்று கன்பூசிய மரபு வேறு சொல்லி வந்தது. இதற்கு மாறான மரபும் இல்லாமல் இல்லை. தளபதி யுவே ஃபெய்யின் முதுகில் நாட்டுப்பற்றுச் சொற்களை அவருடைய தாயே குத்தினார் என்னும் கதையைச் சீனக் குழந்தைகள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் தன் மகளின் ஆசிரியருடைய முழங்கையைப் பார்க்கும் ஒரு தாய்க்கு யுவே ஃபெய் நினைவுக்கு வருவதில்லை. அடியாள் கூட்டம்தான் வருகிறது.

அரசின் அண்மைக்கால நடவடிக்கைகளும் அந்தப் பார்வையை உறுதிப்படுத்தின. 2018 மார்ச்சில் வேல்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் சீனக் கால்பந்து வீரர்கள் கைகளில் கட்டுப்போட்டுப் பச்சையை மறைத்துக்கொண்டு ஆடினார்கள். தேசிய அணி வீரர்கள் புதிதாகப் பச்சை குத்தக் கூடாது என்று 2021 டிசம்பரில் விளையாட்டுத் துறை ஆணையிட்டது. 2022 ஜூனில், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு யாரும் பச்சை குத்தக் கூடாது என்னும் விதிமுறை நாடு முழுவதற்கும் வந்தது.

என்னுடன் பணியாற்றிய நியூசிலாந்துக்காரர் ஒருவருக்கு வலது முன்கை முழுவதும் பச்சை இருந்தது. இணையவழி நேர்காணலில் அவர் கோட்டு அணிந்திருந்தார். பள்ளியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குளிர்காலம் முழுவதும் எந்தச் சிக்கலும் எழவில்லை. மே மாதத்தில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பாடம் நடத்திய ஒரு படம் பெற்றோரின் வீசாட் (சீனாவின் உரையாடல் செயலி) குழுவுக்குப் போனது. மறுநாளே துறைத்தலைவர் முன்கையை மூடும், தோல் நிறத் துணி உறை ஒன்றை அவரிடம் கொடுத்து, இனி இதை அணிந்துதான் வகுப்புக்குச் செல்ல வேண்டும் என்றார்.

ஜூன் மாதத்தில் யாங்சி கரையோரம் மழையும் புழுக்கமும் சேர்ந்தே வரும். பலகையில் மேல்வரிசையில் எழுத அவர் கையை உயர்த்தும்போதெல்லாம் அந்த உறை வியர்வையில் வழுக்கி முழங்கைப் பக்கம் இறங்கும். எழுதுவதை நிறுத்தி, இடக்கையால் அதை மேலே இழுத்துவிடுவார். வடிவியல் பாடத்தைக் கவனிக்க வேண்டிய பிள்ளைகள் உறை எப்போது நழுவும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறைப்பதற்காகக் கொடுத்த பொருளே எல்லோருடைய கண்ணையும் அந்தக் கைக்கு இழுத்தது.

மறைக்கச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. முடிக்குச் சாயம் பூசக் கூடாது, காதணி கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பிள்ளைகளின் முன் நிற்பவர் தாமும் சிலவற்றைத் தவிர்ப்பது முறைதான். சீன ஆசிரியர்களுக்கும் இதே நிலைதான். எங்கள் இசை ஆசிரியை மணிக்கட்டில் இருந்த சிறு பூவை அகலமான கடிகாரப் பட்டையால் மறைத்திருந்தார். "என் அம்மாவுக்கே இது தெரியாது, பள்ளியில் எப்படிச் சொல்வேன்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்.

எனக்கு வருத்தம் தருவது பள்ளியின் மௌனம். சீனாவில் வெளிநாட்டவரின் பணி அனுமதி அவரை அமர்த்திய நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. இடையில் விலகி வேறு பள்ளிக்குச் செல்ல வேண்டுமானால், பழைய பள்ளி விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். ஆகவே, வேலைக்கு எடுக்கும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஒரு பெற்றோர் முணுமுணுத்ததும் புது நிபந்தனை விதிக்கும் பள்ளியிடம், முடியாது என்று சொல்லும் சுதந்திரம் அந்த ஆசிரியருக்குப் பெயரளவில்தான் இருக்கிறது. மழலையர் பள்ளிகளில் இந்தக் கட்டுப்பாடு மிக இறுக்கமாகவும், பல்கலைக்கழகங்களில் மிகத் தளர்வாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்ன எதிர்பார்ப்பு என்பது பள்ளிக்கு முன்பே தெரியும். தெரிந்ததை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதுவதற்கு என்ன தடை? பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தேடித்தரும் முகவர்களும் இதற்குப் பொறுப்பானவர்களே. விண்ணப்பத்துக்கு முகம் மட்டும் தெரியும் படத்தைக் கேட்டு வாங்கி அனுப்பிவிட்டு, தங்கள் பங்கு முடிந்தது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

அந்த நண்பர் ஆண்டு இறுதிவரை உறையோடு பாடம் நடத்தினார். அடுத்த வேலைக்கு விண்ணப்பித்தபோது, தகுதிச் சான்றுகளோடு தம் முன்கையின் படத்தையும் சேர்த்து அனுப்பினார். சில பள்ளிகள் பதிலே எழுதவில்லை. அவரை எடுத்துக்கொண்ட பள்ளி, வகுப்பறையிலும் பெற்றோர் சந்திப்பிலும் முழுக்கைச் சட்டை, மற்ற நேரங்களில் அவர் விருப்பம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தது. மெல்லிய பருத்தியில் முழுக்கைச் சட்டைகள் தைத்துக்கொண்டு அவர் அங்கே சேர்ந்தார்.