இலைகளுக்கு எரியும் விளக்கு

நேற்று எங்கள் புறநகர்த் தெருவின் பாதுகாப்பு பற்றிக் கூட்டம். எல்லோரும் கேமரா கேட்டார்கள். நான் கேட்டது ஒரு கிளையை வெட்ட. தெருவிளக்கு மரத்துக்குள் புதைந்து கிடக்கிறது. இலைகள் ஜொலிக்கின்றன, கீழே நடப்பவர் முகம் தெரிவதில்லை. கேமராவுக்கு மட்டும் தெரியுமா என்ன?

அப்புறம் ஆளுயர மதில்கள். தாண்டிக் குதித்தவனைத் தெருவிலிருந்து யார் பார்ப்பது?

எனக்கு வண்டிகள்மேல்தான் அதிக பயம். வேகம் 30லிருந்து 60 கிலோமீட்டர் ஆனால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் ஏறக்குறைய 4 மடங்காகும். திருடனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிய கூட்டம், இதற்கு இரண்டே நிமிடம் கொடுத்தது.

கூட்டம் முடிந்து அதே விளக்கடியில் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டு கலைந்தோம்.