லென்ஸ் டப்பாவுல பவர் தவிர இன்னும் ரெண்டு நம்பர் இருக்கு

"எனக்கு கான்டாக்ட் லென்ஸ் செட்டே ஆகலப்பா"ன்னு சொல்றவங்ககிட்ட உங்க பி.சி. எவ்ளோன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேரு முழிப்பாங்க. பவர் மைனஸ் மூணுன்னு மட்டும் டக்குனு வரும். ஆனா டப்பாவுல பவர் பக்கத்துலயே பி.சி.ன்னு ஒண்ணு, டயான்னு ஒண்ணு இருக்கும். பி.சி.ங்கறது பேஸ் கர்வ், அதாவது லென்ஸோட உள்பக்க வளைவு, சாஃப்ட் லென்ஸ்ல பெரும்பாலும் 8.4, 8.6, 8.8 மி.மீ.ன்னு வரும், நம்பர் சின்னதானா வளைவு ஜாஸ்தி. டயா லென்ஸோட குறுக்களவு, 14 மி.மீ. சுத்துவட்டாரத்துல இருக்கும்.

சாஃப்ட் லென்ஸ் பெரும்பாலும் ரெடிமேட் சட்டை மாதிரிதான், நிறைய பிராண்டுல ஒரே ஒரு பி.சி.தான் கிடைக்கும். அக்யூவியூ ஒயாசிஸ்ங்கற பிராண்டோட ரெண்டு வார லென்ஸ்ல 8.4, 8.8ன்னு ரெண்டு இருக்கு. பெரும்பாலான கண்ணுக்கு இது போதும், போதாதவங்கதான் கண்ணு மேல பழியப் போட்டுட்டு லென்ஸ தூக்கிப் போட்டுடறாங்க.

இதுல பெரிய வில்லங்கம் டைட்டான லென்ஸ்தான். லூசா இருந்தா உடனே தெரிஞ்சிடும், இமை தட்டும்போதெல்லாம் ஓரம் உறுத்தும், சிமிட்டின உடனே பார்வை கலங்கும், ஓரம் தூக்கிட்டு நிக்கும், நீங்களே கழட்டிடுவீங்க. டைட் லென்ஸ் அப்படி இல்ல, அசையாதுங்கறதால கடையில போட்டுப் பாக்கும்போது லென்ஸ் இருக்கறதே தெரியாது, ஆஹா சூப்பர்னு பில்லு போட்டுட்டு வந்துடுவோம், மணிக்கணக்கா போட்டதுக்கு அப்புறம்தான் வேலையக் காட்டும், அடியில கண்ணீர் சரியா மாறாது, கண்ணு சிவக்கும், லென்ஸ் கழட்டினா வெள்ளை முழியில வட்டமா ஒரு தடம் பதிஞ்சிருக்கும். அந்தத் தடம் இருந்தா சொட்டு மருந்து வாங்கி ஊத்திட்டு மறுபடி அதையே போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. என் சித்தி பொண்ணுக்கு இதேதான், 8.4ல இருந்து 8.8க்கு மாத்தினதும் அந்தச் சிவப்பு போயிடுச்சு, பவர் அதே பவர்தான்.

சரி, கண்ண அளந்து வாங்கினா முடிஞ்சுதான்னா, அதுவும் இல்ல. கெரடோமீட்டர்ல கருவிழி நடுவுல எவ்ளோ வளைவுன்னு பாப்பாங்க, சராசரியா 7.8 மி.மீ. ஆரம் வரும். ஆனா கருவிழி எவ்ளோ அகலம்ங்கறதும் முக்கியம், சராசரி 11.8 மி.மீ. பக்கம். வளைவு ஒண்ணா இருந்தும் ஒருத்தருக்கு 11, இன்னொருத்தருக்கு 12.5ன்னா ரெண்டு பேரோட கருவிழி மேட்டோட உயரமும் வேற வேற, அதே லென்ஸ் மொத ஆளுக்கு டைட்டாவும் ரெண்டாவது ஆளுக்கு லூசாவும் நிக்கும். ரொம்ப சின்னக் கருவிழி, ரொம்பப் பெரிய கருவிழி உள்ளவங்களுக்கு ஆர்டர் குடுத்து செய்யிற லென்ஸே இருக்கு, விலை கூடத்தான்.

அதனால போட்டுப் பாத்தாதான் உண்டு. லென்ஸ் போட்டு பத்து இருபது நிமிஷம் உக்கார வச்சிட்டு ஸ்லிட் லாம்ப்ல (கண்ணப் பெருசாக்கிக் காட்டற மைக்ராஸ்கோப்) சிமிட்டச் சொல்லிப் பாப்பாங்க, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் லென்ஸ் அரை மி.மீ.க்குள்ள லேசா நகரணும். கீழ் இமையால லென்ஸ மேல தள்ளி விட்டா சுலபமா நகர்ந்து திரும்ப எடத்துக்கு வரணும். போட்ட கையோட "நல்லாருக்கா?"ன்னு கேட்டு அனுப்புற எடம்னா வேற எடம் பாருங்க. முடிஞ்சா ட்ரையல் லென்ஸ ஒரு நாள் பூரா போட்டுட்டு, லென்ஸோடயே சாயங்காலம் போய்க் காட்டுங்க.

இன்னொண்ணு, ஒரு பிராண்டோட 8.6ம் இன்னொரு பிராண்டோட 8.6ம் கண்ணுல ஒரே மாதிரி உக்காராது, மெட்டீரியல் வேற, ஓரம் செதுக்குன விதம் வேற. ஆன்லைன்ல ஆஃபர்னு நம்பர் மட்டும் பாத்து பிராண்ட் மாத்தறவங்க இத யோசிக்கறதே இல்ல. கண்ணாடி பவரையும் அப்படியே போட முடியாது, மைனஸ் 4க்கு மேல போனா லென்ஸுக்குக் குறையும், கண்ணாடியில மைனஸ் 6ன்னா லென்ஸ்ல 5.50 கிட்ட வரும். கல்யாண மேக்கப்புக்குப் போடற கலர் லென்ஸுக்கும் இதெல்லாம் உண்டு, பவரே இல்லாட்டியும் டைட் டைட்தான், பொண்ணு ரிசப்ஷன் முடியற வரைக்கும் அதோடதான் நிக்கணும்.